நூலும் விமோசனமும்: புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தின் முதற் பத்தாண்டு

திருச்செங்கோடு தமிழிலக்கியத்திற்குப் புதிய ஊரன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இதனைக் கொடிமாடச் செங்குன்றூர் எனப் பாடினார். உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருநீலகண்டப் பதிகம் பாடி அவர் அதனைத் தீர்த்ததும் இத்தலத்தில்தான் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அருணகிரிநாதரின் திருப்புகழும் இம்மலைக்கு உண்டு. சிலப்பதிகாரத்து நெடுவேள் குன்றம் இதுவே என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை, இக்கட்டுரைக்கு வேண்டியதும் அன்று.

மலையைப் பாடியோர் பலர். மலையைச் சுற்றியிருந்த மண்ணைப் பாடியோர் அரியர். மேற்கே காவிரி ஓடினாலும் அதன் நீர் ஏறாத மேட்டு நிலமே இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி. சோளம், கம்பு, நிலக்கடலை, பருத்தி ஆகியவை வானம் பார்த்து விளைந்தன. ஆழக் கிணறுகளில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தாலும் கோடை முற்றினால் கிணற்றின் அடிப்பாறை தெரியும். மழை பொய்த்த ஆண்டில் உழவனுக்கு நிலத்தில் வேலையில்லை. அவன் மனைவிக்குக் களையெடுப்புக் கூலியில்லை. ஆண்டில் பல மாதங்கள் கைகள் சும்மா இருந்தன. கைக்கு எட்டிய சில்லறையும் கள்ளுக்கடைக்கும் வட்டிக்கும் போயிற்று. 1925இல் இவ்வூர்ப்புறத்துக்கு ஒரு தொண்டர் குழு வந்து சேர்ந்தபோது இருந்த நிலை இதுதான்.

சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராகவும் 1917 முதல் 1919 வரை அந்நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரியார், ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்து சிறை சென்று மீண்டவர். இயக்கம் ஓய்ந்திருந்த அக்காலத்தில், மேடையும் தீர்மானமும் தவிர மக்களுக்குக் காட்டக்கூடிய வேலை ஒன்று வேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள புதுப்பாளையத்தின் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் அளித்தார். 1925 பிப்ரவரி 6ஆம் நாள் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. திறந்து வைத்தவர், அப்போது காங்கிரசில் முன்னணியில் நின்று கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றுவந்த ஈ.வெ. ராமசாமி. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து அவர் வெளியேறினார். பின்னாளில் கதரின் பொருளியலையே வன்மையாகக் கண்டித்தார். திறந்து வைத்தவரே பிற்காலத்தில் கடுமையான மறுப்பாளராகவும் அமைந்தமை இவ்வாசிரமத்தின் வரலாற்றைப் படிப்போர் மறவாதிருக்க வேண்டிய ஒன்று. அவர் எழுப்பிய வினாக்களைத் தவிர்த்து ஆசிரமத்தைப் போற்றுவது எளிது. ஆனால் அது வரலாறாகாது.

1925 மார்ச்சில் வைக்கத்திலிருந்து திரும்பும் வழியில் காந்தியடிகளும் புதுப்பாளையம் வந்து பார்த்தார். நாற்பத்தாறு வயதில், மனைவியை இழந்து பத்தாண்டு கழிந்த நிலையில், தம் மக்களோடு ராஜாஜி அங்கே எளிய குடிலில் குடியேறினார். கே. சந்தானம் மேலாளர் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் மத்திய அரசில் இரயில்வே இணையமைச்சராகவும், ஊழல் ஒழிப்புக்கென 1962இல் அமைந்த குழுவின் தலைவராகவும் நாடு அறிந்த சந்தானம் இவர்தாம். வழக்கு மன்றத்தில் ஒரு நாளில் ஈட்டக்கூடியதைப் பல நாள் உழைப்பிலும் ஈட்டாத வாழ்க்கையைக் கற்றவர்கள் விரும்பி ஏற்றது அக்காலத்தின் இயல்பு. ஆயினும் ஏற்றவர்களைவிட ஏற்றபின் நிலைத்தவர்கள் குறைவு என்பதும் அக்காலத்தின் இயல்பே.

ஒரே பந்தி

ஆசிரமம் முதலில் எதிர்கொண்ட சோதனை பஞ்சும் நூலும் பற்றியதன்று, சாதி பற்றியது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலத்தவரும் அங்கே மற்றவரோடு வேறுபாடின்றி வாழ்ந்தனர். சுற்றுப்புறத்து வைதிகரும் நிலவுடைமையாளரும் இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. நிலம் கொடுத்தவருக்கும் வசை வந்தது. ராஜாஜி இணங்கவில்லை.

இதன் கனத்தை அறிய, அதே ஆண்டில் தமிழகத்தைக் கலக்கிய சேரன்மாதேவி குருகுலப் பூசலை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வ.வே.சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி வைத்தது வெளிப்பட்டு, காங்கிரசே இரண்டுபட்டது. 1925 ஜூனில் ஐயரும் பாபநாசம் அருவியில் உயிர்நீத்தார். தேசியம் பேசியவர்களின் உணவுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று நாடே உற்றுப்பார்த்த ஆண்டு அது. அவ்வாண்டில் புதுப்பாளையம் எடுத்த நிலை, ஒரு சிற்றூர்ச் செய்தி என்ற அளவில் தள்ளத்தக்கதன்று.

ஒரு சிறு மருந்தகமும் நடந்தது. ராஜாஜியே மருந்து கொடுக்க நின்றதுண்டு. சம்பந்தர் காலத்துச் சுரம் இருபதாம் நூற்றாண்டிலும் அம்மண்ணை விட்டுப் போகாதிருந்தது. மருந்துக்காக வந்தவர்கள் சாதியை வாசலில் சிறிது நேரமாவது இறக்கி வைத்தனர். ஒரு சொற்பொழிவு செய்யாததைச் சுரமருந்து செய்தது எனலாம்.

பஞ்சு நூலாகும் கணக்கு

ஆசிரமத்தின் நடுப்பணி கைந்நூற்பு. தமிழ் கற்றோர்க்கு இத்தொழில் அந்நியமானதன்று. ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை உவமையாக்கியிருக்கிறது. பஞ்சைச் சொல்லாகவும், நூற்பவளைப் புலவனாகவும், கதிரை மதியாகவும் உருவகித்து நூல் செய்தலை விளக்கியவர் நன்னூலார். பனுவல், நூல் என்னும் இரு சொற்களும் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும் மொழி நம்முடையது. ஆயினும் நன்னூலாரின் உவமையைப் பாடம் செய்த புலவர் பலரும் கதிர் சுழற்றிய பெண்ணுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டதில்லை. புதுப்பாளையத்தில் அந்த வினாவே நாள்தோறும் எழுந்தது.

முறை எளியது. ஆசிரமம் பஞ்சைக் கொடுக்கும். அல்லது நூற்பவரே வாங்கிக் கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, பட்டை போட்டுக்கொள்வர். வீட்டில் ராட்டையில் நூற்ற நூலைச் சிட்டங்களாகச் சுற்றி, குறிப்பிட்ட நாளில் சுற்றூர்ப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவர். நூல் நிறுக்கப்படும், இழையின் மென்மையும் முறுக்கும் பார்க்கப்படும், கூலி கையோடு கொடுக்கப்படும். பின் அந்நூல் நெசவாளர்களிடம் செல்லும். துணியாகித் திரும்பியதை வெளுத்தும் சாயமேற்றியும் நகர்க் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியபின் இப்பணிகள் அச்சங்கத்தின் அமைப்போடு இணைந்தன.

இதில் இடர்ப்பட்ட இடங்கள் இரண்டு. முதலாவது தறி. கைந்நூல் ஒரே சீராக இராது. ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். கஞ்சி தோய்த்துப் பாவு ஓட்டும்போதே அறும். ஆலை நூலில் ஒரு நாளில் முடியும் வேலை கைந்நூலில் நீளும். கொங்கு நாட்டு நெசவாளர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர். நாட்டுப்பற்றுக்காக அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்க அவருக்கும் வயிறு இடங்கொடாது. ஆகவே நல்ல நூல் நூற்கக் கற்பிப்பது ஆசிரமத்தின் முதற்கடமையாயிற்று. ஊரிலுள்ள கிழவியின் ராட்டையை நேராக்கிக் கொடுப்பதில் சுயராச்சியத்தின் ஒரு பங்கு இருந்தது என்று சொன்னால் இன்றைய இளைஞர் நகைக்கக்கூடும்.

இரண்டாவது, கூலி. நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை அடங்கும் என்பதன் அளவு. பத்தாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 8400 கெஜம். மணிக்கு 300 கெஜம் நூற்பவளை நல்ல கைக்காரி என்று கொண்டாலும் ஒரு பவுண்டுக்கு 28 மணி நேரம் ஆகும். பஞ்சு அடித்துப் பட்டை போடும் நேரம் தனி. அந்த 28 மணிக்கு ஆலை நூலின் விலைப் போட்டிக்கிடையே கொடுக்கக்கூடியது சில அணாக்களே. இது கூலியா, பிச்சையா என்று எதிர்ப்பாளர் கேட்டனர். ராஜாஜி, சந்தானம் போன்றோரின் விடை, வேறு வேலையிருப்பவரை நூற்க அழைக்கவில்லை, வேலையே இல்லாத மாதங்களில் வரும் சில அணா உழவர் குடும்பத்தைக் கடன்காரனிடமிருந்து காக்கும் என்பது. மழை பொய்த்த ஆண்டுகளில் நூலைக் கொண்டு பல கல் தூரம் நடந்து வந்த பெண்களின் கூட்டத்தைப் பார்த்தால், அவ்விடையில் உண்மை இருந்தது. நல்ல மழை ஆண்டில் அக்கூட்டம் குறைந்ததைப் பார்த்தால், மறுப்பிலும் உண்மை இருந்தது. நூற்பு ஒரு தொழிலாக அன்று, வறட்சிக்கு எதிரான காப்பீடாகவே அம்மக்களிடம் பயன்பட்டது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

காந்தியடிகளுக்கே இக்குறைந்த கூலி உறுத்தியது. 1935இல், எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கொடுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். நூற்போர் சங்கமும் வாழ்கூலி என்னும் கொள்கையை ஏற்றது, ஆயினும் அந்த எட்டணாவை எட்டவில்லை. மேற்கண்ட கணக்கில் எட்டணாவை வைத்துப் பார்த்தால் ஒரு பவுண்டு நூலுக்குக் கூலி மட்டுமே ஒரு ரூபாய் பன்னிரண்டணா ஆகிறது. துணி விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் நூற்போரையும் குறைக்க வேண்டும். பலர்க்குச் சிறுகூலியா, சிலர்க்கு நற்கூலியா என்னும் இவ்விக்கட்டுக்குப் புதுப்பாளையத்திலும் விடை கிடைக்கவில்லை. நாட்டில் வேறெங்கும் கிடைத்ததாகவும் தெரியவில்லை. கதரைத் தாங்கியது சந்தையின் விதியன்று, பட்டணத்து நடுத்தரக் குடும்பங்களின் மனச்சான்று. மனச்சான்று தளரும்போதெல்லாம் சிற்றூரில் ராட்டை நின்றது.

இந்த வரலாற்றில் தலைவர்களின் பெயர்கள் துலக்கமாக நிற்கின்றன. நிலம் கொடுத்தவர், திறந்து வைத்தவர், வந்து பார்த்தவர், மேலாண்மை செய்தவர் அனைவரையும் அறிகிறோம். 28 மணி நேரம் நூற்றவள் பெயரின்றியே போனாள். நற்றிணை அவளை உவமையாக்கியது; தேசிய வரலாறு அவளை எண்ணிக்கையாக்கியது.

விமோசனம்

ஈட்டிய கூலி வீடு சேர வேண்டுமெனில் வழியிலிருந்த கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்பது ஆசிரமத்தார் விரைவில் கண்ட உண்மை. மதுவிலக்கை ஒழுக்கப் போதனையாக மட்டும் கண்டோர் பலர். ராஜாஜியோ அதனைக் குடும்பப் பொருளாதாரமாகக் கண்டார். பெண் நூற்று ஈட்டியதை ஆண் குடித்து அழித்தால், ஆசிரமம் ஒரு கையால் கொடுத்ததை அரசின் கலால் துறை மறு கையால் வாங்கிக்கொள்கிறது என்றே பொருள். மாகாண அரசின் வருவாயில் மதுவரி பெரும் பங்காக இருந்த காலம் அது.

இவ்விடத்தில் இலக்கியம் ஆசிரமத்திற்குள் நுழைகிறது. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் பணியாற்றி, 1928இல் அங்கிருந்து விலகிய ரா. கிருஷ்ணமூர்த்தி புதுப்பாளையம் வந்து சேர்ந்தார். ‘கல்கி’ என்னும் பெயர் தமிழகமெங்கும் பரவ இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. அவருடைய ‘சாரதையின் தந்திரம்’ மட்டும் ராஜாஜியின் முன்னுரையோடு முன்பே வெளிவந்திருந்தது. 1929இல் மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்னும் இதழ் தொடங்கியது. ராஜாஜி ஆசிரியர், உழைப்பில் பெரும்பகுதி கிருஷ்ணமூர்த்தியுடையது.

பட்டணத்து வாசகருக்கு எழுதிப் பழகிய எழுத்தாளருக்கு இது வேறொரு பள்ளி. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாத பலர் திண்ணையிலிருந்து கேட்பர் என்பதை மனத்தில் வைத்தே எழுத வேண்டியிருந்தது. கேட்பவன் நேற்று மாலை கள் குடித்தவனாகவும் இருக்கலாம். அவனை இழித்துப் பேசினால் எழுந்து போய்விடுவான். ஆகவே கதையும் நகைச்சுவையும் கேலிச் சித்திரமும் வேண்டியிருந்தன. சிறு வாக்கியம், பேச்சின் ஓட்டம், அறிவுரையைச் சிரிப்பில் மறைத்து வைக்கும் உத்தி ஆகிய கல்கியின் நடைக்கூறுகளைப் பத்திரிகை உலகின் கொடை என்று மட்டும் கூறுவது வழக்கம். புதுப்பாளையத்துத் திண்ணைக்கும் அதில் பங்குண்டு என்று கொள்ள இடமிருக்கிறது.

ராஜாஜியின் எழுத்திலும் இம்மண்ணின் சுவடு ஆழமானது. 1916இலேயே சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டு கலைச்சொல்லாக்கத்தில் இறங்கியவர் அவர். எனினும் அவரது சிறுகதைகளுக்கு உயிர் தந்தவை சொற்களைவிட ஆசிரமத்து வாசலில் அவர் கண்ட முகங்களே. குடியாலும் கடனாலும் வழக்காலும் சிதையும் உழவர் குடும்பத்தைச் சொல்லும் ‘திக்கற்ற பார்வதி’, பிறப்பை மறைத்து நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் தாழ்த்தப்பட்ட இளைஞனைச் சொல்லும் ‘அர்த்தநாரி’ ஆகியவற்றை ஆசிரமத்தைத் தவிர்த்து எண்ணிப் பார்க்க இயலாது. இரண்டாவதன் நாயகனுக்குச் செங்கோட்டு இறைவனின் பெயரே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. கலைநயத்தில் இக்கதைகளுக்குக் குறை சொல்வோர் உண்டு. பிரசாரத்தின் குரல் இடையிடையே உயர்வது உண்மைதான். ஆனால் சிற்றூரின் கடனையும் கள்ளையும் நீதிமன்றத்தையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கண்ட கண் அன்றைய கதாசிரியர் பலருக்கு வாய்க்கவில்லை. ‘திக்கற்ற பார்வதி’ 1974இல் சிங்கீதம் சீனிவாசராவின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது.

‘விமோசனம்’ பத்து இதழ்களோடு நின்றது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பு யாத்திரை புறப்பட்டது; ராஜாஜி சிறை புகுந்தார்; கிருஷ்ணமூர்த்தியும் அவ்வாண்டில் ஆறு மாதத் தண்டனை பெற்றார். யாத்திரைக்கு வழிநடைப் பாட்டு எழுதித் தந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையும் இவ்வட்டாரத்தவரே. 1931இல் கிருஷ்ணமூர்த்தி ‘ஆனந்த விகடனில்’ சேர்ந்தார். எஞ்சியவர்கள் பஞ்சை நிறுத்துக்கொண்டும் நூலை எண்ணிக்கொண்டும் இருந்தனர். இயக்கம் கொதிக்கும்போது ஆசிரமங்கள் காலியாவதும், இயக்கம் ஓயும்போது அவை நிரம்புவதும் அக்கால வழக்கம். வாரந்தோறும் நூல் கொண்டுவரும் பெண்ணுக்கு அவ்வழக்கம் வசதியானதன்று.

ஊரிலிருந்து கோட்டைக்கு

1930களின் இடைப்பகுதியில் சென்னை அரசியல் ராஜாஜியை இழுத்துக்கொண்டது. 1937 ஜூலையில் சென்னை மாகாண முதன்மை அமைச்சரானபின் அவர் செய்தவற்றைப் பார்த்தால், புதுப்பாளையத்தின் பத்தாண்டுப் பாடம் சட்டமாக மாறியது புலனாகும். 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த முதல் மாவட்டம் சேலம். திருச்செங்கோடு அன்று அம்மாவட்டத்தில் அடங்கியது. உழவர் கடன் நிவாரணச் சட்டம் 1938இல் வந்தது. இழந்த மதுவரியை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. தனியொரு சிற்றூரில் சோதித்தவற்றை ஒரு மாகாணத்தின் மீது செலுத்திய துணிவு அது.

துணிவுக்கு விலை கொடுத்தவர்களும் இருந்தனர். மரமேறிக் கள்ளிறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் பிழைப்புப் போயிற்று. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் தொழிலில் அவர்களைத் திருப்ப முயற்சிகள் நடந்தன. ஆயினும் கள் தந்த வருவாயை வெல்லம் தரவில்லை. குடித்தவனின் மனைவியை எண்ணிப் பார்த்த அளவுக்கு, இறக்கியவனின் மனைவியை அத்திட்டம் எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டதும், 1948இல் மாகாணம் முழுவதும் பரவியதும், 1971இல் தளர்த்தப்பட்டதும் தனியே எழுதத்தக்க வரலாறு.

திருச்செங்கோடு இன்று ராட்டையின் ஊரன்று. 1997இல் பிறந்த நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய அந்நகரைச் சூழ விசைத்தறிகள் ஓடுகின்றன. அவற்றில் நெய்யப்படுவது ஆலை நூல். கவலை இறைத்தும் நீர் காணாத அம்மண்ணின் மக்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை வாங்கி இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் ஓட்டிச் சென்றனர். நாட்டில் எங்கே துளையிடும் வண்டி நின்றாலும் அதன் பலகையில் திருச்செங்கோடு என்னும் பெயரைக் காணும் வாய்ப்பு மிகுதி. இவ்வளர்ச்சி எந்த ஆசிரமமும் திட்டமிட்டதன்று; உழவர் பிள்ளைகள் கடன் வாங்கித் தாமே கண்ட வழி. ஆசிரமம் சொன்ன சிக்கனமும் அவர்கள் கையாண்ட துணிச்சலும் ஒன்றல்ல. காந்தி ஆசிரமம் மறையவும் இல்லை. கதரும் கிராமத் தொழிற் பொருள்களும் விற்கும் நிறுவனமாக அது தொடர்ந்து நடந்து, 2025 பிப்ரவரியில் நூறாண்டைக் கடந்தது.